புதினத்தின் குரல்

திருச்சிராப்பள்ளி நகரின் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையில் அமைந்துள்ளது அரியமங்கலம். அங்கிருந்து வடக்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தால் லால்குடி. தெற்கே மதுரைச் சாலையில் நெடுந்தொலைவு சென்றால் துவரங்குறிச்சி. ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விரண்டு ஊர்களும் தமிழ்ப் புதின உலகிற்கு ஒன்றற்கொன்று சற்றும் ஒவ்வாத இரண்டு குரல்களைத் தந்துள்ளன. லால்குடியைத் தம் பெயரிலேயே சுமந்தவர் லா. ச. ராமாமிர்தம் (1916–2007). துவரங்குறிச்சியில் பிறந்தவர் கவிஞர் சல்மா.

புதினத்தின் கருப்பொருள் வேறு, மொழிநடை வேறு எனப் பிரித்து எழுதுவது தேர்வுத்தாள்களில் வழக்கமாகிவிட்டது. கரு உடலென்றும் நடை அதன்மேல் பூட்டிய அணிகலனென்றும் கொள்ளும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்விருவரையும் அடுத்தடுத்துப் படிப்போரிடம் அவ்வெண்ணம் நிலைப்பதரிது.

லா. ச. ரா.வின் ‘அபிதா’ 1970இல் வெளிவந்தது. நடுவயதைக் கடந்த அம்பி, மனைவி சாவித்திரியுடன் பல்லாண்டுகளுக்குப்பின் தன் இளமைக்கால ஊருக்குத் திரும்புகிறான். அவன் பிரிந்து சென்ற சகுந்தலை இறந்துவிட்டாள். அவள் மகள் அபிதாவின் முகத்திலோ அவன் சகுந்தலையையே காண்கிறான். கதை இவ்வளவே. இதனைச் செய்திபோல் சொன்னால் ஒரு முதியவனின் மயக்கம் என்ற அளவில் முடிந்துபோகும். ஆனால், அம்பியே கதைசொல்லியாக அமைகிறான். வாக்கியங்கள் பாதியில் முறிகின்றன. ஒரு சொல் மந்திரம்போல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நிகழ்காலம் எங்கே முடிந்து நினைவு எங்கே தொடங்கியது என்பது புலப்படுவதில்லை. காலத்தை ஏற்க மறுக்கும் மனமே இப்புதினத்தின் கரு. அம்மறுப்பை வாக்கிய அமைப்பே நிகழ்த்திக் காட்டுகிறது.

லா. ச. ரா.வின் நடை எளிதில் விளங்காதது என்னும் குறை பழையது. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அதைவிடக் கருதத்தக்க குறை ஒன்றுண்டு. அக்குரலின் வெப்பத்தில் அம்பியின் தன்னலம் ஒளிந்துகொள்கிறது. சாவித்திரியும் அபிதாவும் அவன் சொற்களுக்குள் அடைபட்டே படிப்பவருக்குத் தெரிகின்றனர். அபிதா என்ன நினைத்தாள் என்று அறிய வழியே இல்லை. அந்த இழப்பை உணரும்போதுதான் அம்பியின் மயக்கம் எத்துணைக் கொடியது என்பதும் விளங்குகிறது.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டவர் சல்மா. அவருடைய எழுத்து அந்நான்கு சுவர்களுக்குள் பிறந்தது. இப்புதினத்தில் சிற்றூர் ஒன்றின் இசுலாமியப் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கின்றனர். திருமணம், நகை, பிள்ளைப்பேறு, அடுத்த வீட்டுச் செய்தி எனப் பேச்சு ஓயாமல் சுழல்கிறது. தந்தையை ‘அத்தா’ என்றழைக்கும் வீட்டு வழக்கும், அரபுச் சொற்கள் கலந்த அன்றாடத் தமிழும் அவர்களுடைய உரையாடலில் இயல்பாக வருகின்றன. ஆசிரியரின் எடுத்துரைப்போ படர்க்கையில், ஏறக்குறைய நிறமற்ற எளிய தமிழில் செல்கிறது.

இந்நடையைத் தட்டையானது என்போர் உளர். மாந்தர் பலராகையால் யார் யாருக்கு உறவென்று முதற்பக்கங்களில் தடுமாற நேர்வதும் மெய்யே. ஆயினும் குரல் உயராமைதான் இங்குக் கருவைத் தாங்குகிறது. கணவனை மறுத்துத் தாய்வீட்டிலேயே தங்கிவிட்ட பிர்தவ்ஸின் விருப்பமும், அவள் தாயின் அச்சமும் ஒரே நிதானத்தில் சொல்லப்படுகின்றன. கட்டுப்பாட்டைக் காப்பவர்கள் ஆண்கள் மட்டுமல்லர். அதற்கு இரையான பெண்களே மகள்மீது அதனைச் சுமத்துகின்றனர். சினந்து எழுதியிருந்தால் ஒரு கொடியவரைச் சுட்டிவிட்டு அமைதி கொண்டிருக்கலாம். நிதானம் அந்த ஆறுதலைத் தரவில்லை. ஒரே பேச்சு மீண்டும் மீண்டும் வருவது சலிப்பூட்டுகிறதென்றால், அச்சலிப்பும் அவ்வீடுகளுக்கு உரியதே. அங்குப் பேசுவதற்கு வேறொன்றும் விட்டுவைக்கப்படவில்லை.

சிறுமி ராபியாவை இடையில் நிறுத்தியது ஆசிரியரின் மிகச் சிறந்த தேர்வு. பெரியவர்களின் தாழ்ந்த குரல்கள் அவள் காதில் விழுகின்றன. பொருள் முழுதும் அவளுக்கு எட்டுவதில்லை. படிப்பவருக்கோ எட்டிவிடுகிறது. நாளை அவளுக்கும் அதே வீடுதான் என்பதை ஆசிரியர் ஒரு வரியிலும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

ராபியாவின் கதையை அம்பியின் மொழியில் எழுதியிருந்தால் அவள் துன்பம் அழகாகியிருக்கும். அழகான துன்பத்தை எவரும் மாற்ற விழைவதில்லை. அம்பியின் கதையைச் சல்மாவின் நிதானத்தில் எழுதியிருந்தால் அபிதாவின் பேச்சு ஒருவேளை கேட்டிருக்கும். ஆனால், அது ‘அபிதா’வாக இருந்திராது.