மூலமும் தொடர்ச்சியும்: ஒரு திரை விவாதம்

ஒரு கதையின் தொடர்ச்சியாக எழும் படைப்பை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? மூலத்தின் நிகழ்ச்சிகளை அது காத்ததா என்று பார்ப்பதா, மூலத்தின் நோக்கத்தைக் காத்ததா என்று பார்ப்பதா? 2024ஆம் ஆண்டில் வெளிவந்த 'டியூன்: இரண்டாம் பாகம்' என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படம் சுவைஞரிடையே எழுப்பிய விவாதம் இவ்வினாவையே மையமாகக் கொண்டது. அரபுச் சொற்கள் பல பயிலும் படம் ஆதலின், நம் மாணவர் அதனை வெறும் பொழுதுபோக்காகக் கருதிக் கடந்துவிடுதல் இயலாது.

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதி 1965இல் வெளிவந்த புதினம் 'டியூன்'. டெனி வில்நெவ் இயக்கிய முதற்படம் 2021இல் வந்தது. அது பாதியில் நிறுத்திய கதையை இரண்டாம் படம் தொடர்கிறது. பாலைக் கோளாகிய அராக்கிஸில் தந்தையை இழந்த பால் என்னும் இளைஞன், ஃப்ரெமன் மக்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்கள் எதிர்பார்த்திருந்த மீட்பனாக உயர்ந்து, பேரரசனையே பணியவைப்பது கதை.

முதற்படம் ஆறு ஆஸ்கார் விருதுகளையும் இரண்டாம் படம் இரண்டையும் பெற்றன. இக்கணக்கைக் காட்டி முன்னதே சிறந்தது என்பார் உளர். விருதுகளை எண்ணுதல் திறனாய்வு ஆகாது. நூலை முன்னரே கற்றவர்கள் கூறும் குறைகளே ஆய்தற்குரியன. நூலில் ஆண்டுக்கணக்கில் நிகழ்பவை படத்தில் சில திங்கள்களாகச் சுருங்கின. நூலில் பாலின் தங்கை ஆலியா பகைவன் ஹார்க்கோனனைக் கொல்கிறாள். படத்தில் அவள் பிறக்கும் முன்னரே கதை முடிகிறது. பாலே அவனைக் கொல்கிறான். எல்லாவற்றிற்கும் மேலாக, நூலில் பாலுக்குத் துணையாக நிற்கும் சானி, படத்தில் அவனை எதிர்த்துப் பிரிந்து செல்கிறாள். இது மூலத்துக்கு இழைத்த தீங்கு என்பர் ஒரு சாரார்.

அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. மக்களை மயக்கும் தலைவனிடம் எச்சரிக்கை வேண்டும் என்பதே ஹெர்பர்ட்டின் நோக்கம். வாசகர் பலரோ பாலை வீரனாகவே கொண்டாடினர். 1969இல் வந்த 'டியூன் மெசாயா' என்னும் அடுத்த நூல் அவ்வெச்சரிக்கையை வெளிப்படையாக்கியது. ஃப்ரெமன் மக்களின் மீட்பன் நம்பிக்கை, பெனி ஜெஸரிட் என்னும் பெண்கள் அமைப்பு முன்னரே திட்டமிட்டு விதைத்தது. அதனை உணர்ந்து மறுத்துரைக்கும் பொறுப்பைப் படம் சானியிடம் தருகிறது. அயலார் புனைந்த கதைக்குத் தன் மக்கள் அடிமையாவதை அம்மண்ணின் மகளே எதிர்க்கிறாள். நிகழ்ச்சி மாறியது, நோக்கம் தெளிவுற்றது.

எனினும் இப்படத்தை முழுதும் போற்றுதல் எமக்கு இயலவில்லை. 'மஹ்தி', 'லிஸானுல் கைப்' முதலிய சொற்களைப் படம் தயக்கமின்றி ஆள்கிறது. பால் ஏற்கும் 'முஅத்திப்' என்னும் பெயர் கதையில் ஒரு பாலைவன எலியைக் குறிப்பது. அரபியில் அவ்வொலியுடைய சொல் ஒழுக்கம் பயிற்றும் ஆசிரியனைக் குறிக்கும். ஆயின் நூலில் பன்முறை வரும் 'ஜிஹாத்' படத்தில் இல்லை. அவ்விடத்தில் 'புனிதப் போர்' என்பதே ஒலிக்கிறது. வீண் பழிக்கு இடம் தராத முடிவு என்று இதனை வரவேற்றோர் உளர். அஞ்சி ஒதுக்கியது என்றோரும் உளர்.

எம் கருத்து இரண்டினின்றும் வேறானது. 'ஜிஹாத்' என்பதன் வேர்ப்பொருள் கடுமுயற்சி என்பது. தன் மனத்தோடு தான் நிகழ்த்தும் போராட்டமும் அதனுள் அடங்கும். 'புனிதப் போர்' என்பது அச்சொல்லின்மேல் பிறர் ஏற்றிய குறுகிய பொருள். படம் சொல்லை நீக்கியது. அதன் பிழையான மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டது. ஜோர்டான், அபுதாபி ஆகிய இடங்களின் பாலைவனங்களில் படம் பிடித்தும், முதன்மைப் பாத்திரங்களில் அரபு நடிகர் எவரும் இடம்பெறாமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஆகவே, கதை மாற்றத்துக்காக இப்படத்தைப் பழிப்பது பொருந்தாது. சொற்களைக் கடன்பெற்று அவற்றுக்குரிய மக்களை மறந்ததற்காகக் குறைகூறுவது பொருந்தும். கட்சி கட்டி வாதிடும் மாணவர் முதலில் மூலநூலைக் கற்க. அதில் வரும் அரபுச் சொற்களின் பொருளை அறிந்தோரிடம் கேட்டுத் தெளிக. அதன்பின் எழும் விவாதம் வகுப்பறைக்கும் பயன் தரும்.