தாயின் உயிருக்குத் தீர்ப்புச் சொல்லப் பாதிரிக்கு என்ன யோக்கியதை?

தோழர்களே! கர்ப்பமென்றால் அது கருப்பைக்குள்தான் தங்கும் என்று நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு வழிதவறி வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகின்றன. அப்படித் தவறியவற்றிலும் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை, அக்குழாய் கருப்பையின் தசைச் சுவருக்குள் நுழைகின்ற மூலையில் ஒட்டிக்கொள்கின்றன. இந்த மூலைக் கர்ப்பமே மகா பொல்லாதது. சுற்றிலும் தசையிருப்பதால் அது இடங்கொடுத்து விரிகின்றது. மற்றக் குழாய்க் கர்ப்பங்களைவிடச் சில வாரம் அதிகமாகக்கூடச் சும்மா இருக்கும். பிறகு வெடித்தாலோ, பெரிய ரத்தக் குழாய்கள் கூடுமிடமாதலால், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி உயிர் போய்விடும்.

1883-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து டாக்டர் லாசன் டெய்ட் என்பவர், வெடித்த கருக்குழாயை அறுத்தெடுத்து ஒரு ஸ்திரீயைப் பிழைக்க வைத்துக் காட்டினார். அதற்குப் பத்தொன்பது வருஷத்திற்குப் பின், 1902-ல், ரோமாபுரிக் கத்தோலிக்க சபை செய்ததென்ன? தானாய்ப் பிழைக்கும் பருவம் வராத கருவை, அது கருப்பைக்கு வெளியே இருந்தாலுங்கூட, எடுக்கக் கூடாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவராவது பிள்ளை பெற்றவரா? பிறகு அச்சபையின் பண்டிதர்களே, குழாயை அறுக்கலாம், அத்தோடு கரு போனால் பாவமில்லை என்று ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். எப்படியும் சாகப்போகும் கருவுக்காக இத்தனை வியாக்கியானம்; சாகக்கிடந்த தாயைப் பற்றி என்ன கவலை?

இது பழங்கதையென்று தள்ளிவிடாதீர்கள். 2019-ல் அமெரிக்காவின் ஒஹாயோ சட்டசபையில், வழிதவறிய கருவை எடுத்துக் கருப்பையில் திரும்ப நட வைத்தியர் முயல வேண்டுமென்று கண்ட ஒரு மசோதா கொண்டு வரப்பட்டது. அப்படி ஒரு சிகிச்சை உலகத்தில் எங்குமே கிடையாது! மசோதா சட்டமாகவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும், இல்லாத வித்தையைச் செய்யச்சொல்லிச் சட்டம் எழுதத் துணிந்தவர்களுக்கு ஸ்திரீகளின் உடம்பைப்பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கிறோம்.

மதம் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில் அறிவு வேலை செய்தது. இன்று ரத்தத்தில் கர்ப்பச் சுரப்பை அளந்தும், ஸ்கேன் கருவியால் கண்டும் இதைச் சொல்லிவிடலாம். கருப்பையின் அறை காலியாயிருந்து, கருவின் பை ஒரு மூலையில் தனியே நின்று, அதைச் சுற்றிய தசை 5 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் சந்தேகம் பலப்படுகிறது. வெடிக்குமுன் கண்டால், தக்க நிலையிலுள்ளவர்களுக்கு மெதோட்ரெக்ஸேட் என்ற ஊசியே போதுமானதாகலாம். இந்த மூலைக் கர்ப்பத்திற்கு அதைக் கொடுத்துக் குணப்படுத்தியதை 1982-ல் ஜப்பான் தேசத்து வைத்தியர்கள் வெளியிட்டார்கள். அம்மருந்து பிறந்ததோ, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சியில். வெடித்துவிட்டாலோ உடனே ஆபரேஷன்தான், வேறு பேச்சில்லை.

ஆகவே தோழர்களே! தூரம் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியோ, ரத்தக் கசிவோ, மயக்கமோ கண்டால், தாயத்துக் கட்டாதீர்கள், விதியென்று உட்காராதீர்கள், அந்த க்ஷணமே ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை பிழைத்தவள் மறுபடி கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்க்கச் செய்யுங்கள். அவள் பிழைப்பதும் சாவதும் வேதத்திலில்லை. நீங்கள் வீட்டில் கழிக்கும் நாழிகையில் இருக்கிறது.