பரிசுத்தமான பீர்

ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்து பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள், சொல்லி வைத்தாற்போல ஒரு காரியம் செய்கிறார்கள். மியூனிக் நகரத்துப் பீர் மண்டபத்தை இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டு, "1516-ஆம் வருஷம் முதல் இந்த நாட்டில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்ப்பதில்லை" என்று மெய் சிலிர்க்கிறார்கள். புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. புட்டிச் சீட்டைச் சரித்திரம் என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. (பீர் குடிப்பது நல்லதா கெட்டதா என்ற விசாரணையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம், அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.)

அந்தச் சாசனத்தைத்தான் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே. 1516 ஏப்ரல் 23-ந் தேதி இங்கோல்ஸ்டாட் நகரில், பவேரியாவை ஆண்ட நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் பிறப்பித்தது அது. எடுத்த எடுப்பிலேயே அது பேசுவது விலையைப் பற்றி! செப்டம்பர் கடைசியில் வரும் புனித மிக்கேல் திருநாளிலிருந்து ஏப்ரலில் வரும் புனித ஜார்ஜ் திருநாள் வரை, ஒரு மாஸ், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர் பீர், ஒரு ஃபென்னிக்குக்கு மேல் விற்கக் கூடாது. மற்ற மாதங்களில் இரண்டு ஃபென்னிக்குக்கு மேல் போகக் கூடாது. பார்லியும் ஹாப்ஸும் தண்ணீரும் அதற்கப்புறம்தான் வருகின்றன, அதுவும் ஒரே வாக்கியத்தில். நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டைப் பற்றி மூச்சே இல்லை.

இப்போது கவனியுங்கள். சாசனத்தில் குடிக்கிறவனுக்கு லாபமான பாதியை வியாபாரிகள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். தங்களுக்கு விளம்பரமாகும் பாதியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். 2024-ஆம் வருஷத்து அக்டோபர் திருவிழாவில் ஒரு மாஸ் பீருக்குச் சுமார் 14, 15 யூரோ வாங்கினார்கள். ஒரு ஃபென்னிக் சட்டத்தை மறந்துபோன பாரம்பரியக் காவலர்கள் இவர்கள்!

பிறப்பித்த அரச வம்சமாவது அதை மதித்ததா? பார்லி மட்டும் என்று ஊருக்குச் சொன்ன அதே வம்சம், கோதுமைப் பீர் காய்ச்சும் உரிமையை ஒரு பிரபு குடும்பத்துக்குக் கொடுத்தது. 1602-இல் அந்தக் குடும்பம் வாரிசில்லாமல் போனதும் முதலாம் மாக்ஸிமிலியன் அந்த ஏகபோகத்தைத் தானே எடுத்துக்கொண்டு, கஜானாவை நிரப்பிக்கொண்டார். 1551-லேயே பவேரியாவில் கொத்துமல்லி விதைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 'பரிசுத்தக் கட்டளை' என்று பொருள்படும் ஜெர்மன் பெயர்கூட 1918-இல் பவேரிய சட்டசபையில் எழுந்ததுதான். ஜெர்மன் சாம்ராஜ்யம் முழுவதற்கும் மால்ட் விதி பரவியது, 1906-இல் வந்த வரிச் சட்டத்தால். ஆயிரம் பிறை கண்ட கிழவரென்று கும்பிடுகிறோமே, அவர் நேற்றுத்தான் பெயர் சூட்டிக்கொண்டவர்.

வெறும் பொய்ப் பெருமை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பெருமை, நிஜமாகவே பழமையான சிலவற்றை வாசலில் நிறுத்தி விசாரிக்கிறது. கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்ஸிக்கில் வாழ்ந்த 'கோஸே' என்ற புளித்த பீரில் உப்பும் கொத்துமல்லியும் உண்டு. சொந்த ஊரிலேயே அது விதிவிலக்குப் பெற்றுத்தான் பீர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில், பீரைத் தெளியவைக்க ஒருவகைப் பிளாஸ்டிக் தூளைக் கலந்துவிட்டுப் பிறகு வடிகட்டி எடுத்தால், அது சேர்த்ததாகக் கணக்கில்லையாம்! கொத்துமல்லி அசுத்தம், பிளாஸ்டிக் சுத்தம்.

அந்நிய நாட்டுப் பீருக்கு 'பீர்' என்ற பெயரையே மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்களின் ஆரோக்கியத்துக்காக என்று வாதாடினார்கள். மற்ற பானங்களில் உங்கள் நாடே அனுமதிக்கும் சரக்குகள் பீரில் மட்டும் விஷமாகுமா என்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாதத்தை 1987-இல் தள்ளிவிட்டது. ஆனால் உள்ளூர்க்காரனுக்குக் கெடுபிடி நீங்கவில்லை. பிராண்டன்பர்க் மாகாணத்து நாய்ட்ஸெல்லே மடத்துக் காய்ச்சகம், தன் கறுப்புப் பீரில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்த்தது. இது பீரே அல்ல என்றார்கள் அதிகாரிகள். வருஷக் கணக்கில் வழக்கு நடந்தது. 2005-இல் தலைமை நிர்வாக நீதிமன்றம், அதைப் பீர் என்றே விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றம் இருக்கும் ஊர், உப்புப் போட்ட கோஸேயின் ஊரான லைப்ஸிக்.