மலைப்பாம்பு வளர்த்துப் பணக்காரனாகலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு

 

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். குறிப்பாக, ஆம்பிளைப் பிள்ளைகள் உள்ள வாப்பாமாரும் உம்மாமாரும் வாசியுங்கள்.

சில கிழமைகளாக எங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே கதைதான். வட்டையில் பிடித்த மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் படங்கள். "ஒரு சோடி கிடைத்தால் போதும், முட்டை போட்டுக் குஞ்சு பொரித்தால் ஒரு குஞ்சு இத்தனை ஆயிரம்" என்று கணக்குச் சொல்லும் குரல் பதிவுகள். அதற்குக் கீழே "மாஷா அல்லாஹ், தைரியசாலி" என்று பெரிய மனிதர்களின் கொமண்ட். வகுப்பில் தரம் 8 படிக்கும் பிள்ளை எழும்பி, "சேர், வெங்கிணாந்தி எத்தனை வயசில முட்டை போடும்?" என்று கேட்கிறான். விஞ்ஞானப் பாடத்தில் ஆர்வம் என்று சந்தோசப்படத்தான் ஆசை. ஆனால் அவன் கேட்டது வியாபாரத்துக்கு.

சரி. வியாபாரம் என்றே எடுத்துக்கொள்வோம். சுவனம், நரகம், சட்டம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, தீன். வளர்ந்த மலைப்பாம்புக்கு மூன்று கிழமைக்கு ஒரு கோழி என்று குறைத்தே போடுகிறேன். வருடத்துக்கு 17 கோழி. சோடிக்கு 34. கூட்டில் இருக்கும் மலைப்பாம்பு 20 வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். அப்படியென்றால் 680 கோழி. இன்றைய கோழி விலையை நீங்களே போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் டியூஷன் காசை இரண்டு மாதம் பிந்திக் கொடுக்கும் வீட்டில் இந்தக் காசு எங்கிருந்து வரும்?

இரண்டாவது, "சோடி" என்ற கதை. மலைப்பாம்பு ஆணா பெண்ணா என்று வெளியில் பார்த்துச் சொல்வது லேசான காரியமில்லை. அதைப் பழகியவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். சோடி என்று உங்கள் தலையில் கட்டுபவன் இரண்டு ஆணைத் தந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பொலிஸில் போய் "மலைப்பாம்பு வாங்கி ஏமாந்துவிட்டேன்" என்று முறைப்பாடு கொடுக்கவும் முடியாது.

மூன்றாவது, காலம். குஞ்சிலிருந்து வளர்த்தால் முட்டை போடும் பருவத்துக்கு வர மூன்று நான்கு வருடமாவது வேண்டும். முட்டை போட்ட தாய், கோழி அடைகாப்பது போல முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும். ஏறத்தாழ இரண்டு மாதம். அந்தக் காலத்தில் அது தீன் எடுக்காது. சூடு குறைந்தால் தன் உடம்பை நடுக்கி நடுக்கி முட்டைக்குச் சூடு கொடுக்கும். அல்லாஹ் அதற்குக் கொடுத்த அறிவு அது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் அடைத்து வைத்த பாம்பு என்ன செய்யும்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனிதனே நிழல் தேடுகிறான். மாரியில் வெள்ளம் வந்தால் நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு வருவோம். பாம்புப் பெட்டியை எங்கே கொண்டு போவீர்கள்?

நான்காவது, குஞ்சு. 30 குஞ்சு பொரித்தது என்று வையுங்கள். குஞ்சுக்குக் கிழமைக்கு ஒரு சுண்டெலி என்றாலும் கிழமைக்கு 30 சுண்டெலி, மாதத்துக்கு 120க்கு மேல். யார் பிடித்துக் கொடுப்பது? சில குஞ்சுகள் தீனைத் தொடவே தொடாது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். உயிருள்ள எலியைக் கூட்டுக்குள் போட்டால், பசிக்காத பாம்பை எலி கடித்துக் காயப்படுத்துவதும் நடக்கும்.

ஐந்தாவது, நோய். சூடும் ஈரமும் பிழைத்தால் பாம்புக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். மூக்கில் நுரை கட்டும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வாய்க்குள் புண் வந்து அழுகும். உடம்பில் உண்ணி பிடிக்கும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருத்தம் வந்தால் அரச மிருக வைத்தியரிடம் ஓடலாம். ஒளித்து வளர்க்கும் பாம்பை எந்த வைத்தியரிடம் கொண்டு போவீர்கள்? கூட்டில் வைத்த பாம்பு அணு அணுவாகச் சாகும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவும் செலவுப் பக்கம். இனி வரவுப் பக்கம் பார்ப்போம்.

மலைப்பாம்பு இந்த நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் வனவிலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பிடிக்கவோ, கொல்லவோ, வைத்திருக்கவோ, விற்கவோ விடுவதில்லை. 2009இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றால், சைட்டிஸ் சர்வதேச உடன்படிக்கையில் எங்கள் மலைப்பாம்பு இருப்பது முதலாம் பின்னிணைப்பில். காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டு போகவே கூடாது என்ற பட்டியல் அது. இலங்கை 1979இலிருந்து அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

ஆக, உங்கள் குஞ்சை வாங்க நேர்மையான ஒரு வாடிக்கையாளரும் இந்த உலகத்தில் இல்லை. வாங்க வருபவன் கடத்தல்காரன். அல்லது "மூட்டு வலிக்கு மலைப்பாம்பு நெய்" என்று கேட்டு வருபவன். விலையை அவன்தான் சொல்வான். பிடிபட்டால் அவன் தப்பி விடுவான், பெட்டியோடு நிற்பது எங்கள் பிள்ளைதான். வீடியோ போட்டவனுக்கு வியூஸ் கிடைக்கும். வழக்கு யாருக்கு? லோயருக்குக் காசு கொடுக்க உம்மாவின் கைவளையல் அடகுக் கடைக்குப் போகும். பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும் வெளிநாட்டு வேலைக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்வான்?

வரவுப் பக்கத்தில் நான் பூச்சியம் போடுகிறேன். வேறு தொகை போடக்கூடியவர் இருந்தால் கொமண்டில் போடுங்கள்.

இப்போது சிலர் வேறு நியாயத்தோடு வருவார்கள். "சேர், கொல்வதை விட வளர்ப்பது நல்லதுதானே? வளர்த்துப் பெருக்கினால் இனம் அழியாதுதானே?"

நல்ல கேள்வி. கேட்பவர்களின் மனசும் நல்ல மனசு. அதனால் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

ஒரு பெண் மலைப்பாம்பு ஒரே தடவையில் டசின் கணக்கில் முட்டை போடும். எங்கள் பாம்புக்கு முட்டை குறைவில்லை. இருக்க இடம்தான் குறைவு. காட்டை வெட்டுகிறோம், வில்லுகளை மண் போட்டு நிரப்புகிறோம். பன்றிக்குக் கட்டும் கம்பிச் சுருக்கில் பாம்பும் மாட்டுகிறது. இரவில் வீதியைக் கடக்கும்போது வாகனத்தில் அடிபடுகிறது. இதில் எதையும் உங்கள் வீட்டுக் கூடு சரி செய்யாது. அந்தக் கூடு செய்வது ஒன்றுதான்: காட்டில் முட்டை போட வேண்டிய இரண்டு பாம்பைக் காட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. கூட்டில் நோய் பிடித்ததைத் திரும்பக் காட்டில் விட்டால், மிச்சமிருப்பதற்கும் நோயைக் கொடுக்கிறது.

"அமெரிக்காவில் எல்லாம் வளர்க்கிறார்களே" என்பவர்களுக்கு: ஆம், வளர்த்தார்கள். எங்கள் மலைப்பாம்பின் நெருங்கிய சொந்தமான பர்மிய மலைப்பாம்பைத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கொண்டு போய் வளர்த்தார்கள். பெருத்ததும் வைத்திருக்க முடியாமல் சிலர் கொண்டு போய் விட்டார்கள், சில தப்பியோடின. இன்று புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் முழுக்க அந்தப் பாம்புதான். 2012இல் வெளிவந்த ஆய்வில், பாம்பு அதிக காலம் இருந்த பகுதிகளில் ரக்கூன்களைக் காண்பது 99 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று எழுதினார்கள். அந்த வருடமே அமெரிக்க அரசு அதன் இறக்குமதியைத் தடை செய்தது. பாம்பு பிடிக்கப் போட்டி வைத்துப் பரிசு கொடுத்தும் இன்னும் முடிக்க முடியவில்லை. அவ்வளவு காசும் வசதியும் உள்ள நாட்டின் நிலை இது.

இன்னொன்று. கனடாவில் 2013 ஓகஸ்ட்டில், செல்லப்பிராணிக் கடைக்கு மேல்மாடி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சின்ன ஆண் பிள்ளைகள், கூட்டிலிருந்து வெளியேறிய ஆபிரிக்க மலைப்பாம்பால் இறந்துபோனார்கள். வயது 4, 6. மலைப்பாம்புக்கு விசமில்லை என்பது சரிதான். வைரம் பாய்ந்த கை மாதிரி அதன் உடம்பு இறுக்கும் என்பதும் சரிதான். ஒரே அறையில் ஐந்தாறு பேர் பாய் போட்டுப் படுக்கும் எங்கள் வீடுகளில், பலகையும் கோழிக்கூட்டு வலையும் வைத்து அடித்த பெட்டிக்கு யார் உத்தரவாதம்?

கடிக்காவிட்டாலும், இறுக்காவிட்டாலும் இன்னொரு ஆபத்து உண்டு. ஊர்வனவற்றின் கழிவில் சல்மனெல்லா என்ற பக்டீரியா இருக்கும். பெரியவர்களுக்கு வயிற்றோட்டத்தோடு போகலாம். தவழும் குழந்தைக்கும் வயதான உம்மும்மாவுக்கும் அது உயிராபத்து. சின்ன ஆமைகளால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வருகிறது என்பதற்காகவே அமெரிக்காவில் 1975இல் அவற்றின் விற்பனையைத் தடுத்தார்கள்.

மார்க்கத்தைக் கடைசியில் வைத்தது, அது சின்ன விசயம் என்பதால் அல்ல. பூனையைக் கட்டி வைத்து, தானும் தீன் கொடுக்காமல், அது போய்த் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸ் மத்ரஸா போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜும்ஆவில் கேட்டு "சுப்ஹானல்லாஹ்" சொல்லிவிட்டு, வீட்டுக் கொல்லையில் ஒரு உயிரைப் பெட்டிக்குள் பட்டினி போடுவது எந்தக் கணக்கில் சேரும்?

கண்ட இடத்தில் அடித்துக் கொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயல் செய்யும் ஊர் எங்களுடையது. எலி தின்னும் நெல்லின் கணக்கு போடியார்மாருக்குத் தெரியும். எலிக்காய்ச்சல் என்ன செய்யும் என்று வயலில் இறங்கும் குடும்பங்களுக்குத் தெரியும். 2008இல் மட்டும் இந்த நாட்டில் 7000க்கு மேற்பட்டவர்கள் அந்தக் காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். சம்பளம் கேட்காமல் இரவு முழுக்க எலி பிடிக்கும் காவல்காரனை மண்வெட்டியால் அடித்துவிட்டு, எலி நஞ்சுக்குக் காசு கொடுக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது சின்ன விசயம்தான்.

பாம்பைக் கண்டால் அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். வழி விடுங்கள், போய்விடும். வீட்டுக்குள்ளோ வளவுக்குள்ளோ வந்துவிட்டால் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நம்பர் தெரியாவிட்டால் கிராம சேவகரிடம் கேளுங்கள், அல்லது 119க்கு எடுங்கள்.

இப்போது யாரிடமாவது பெட்டிக்குள் இருந்தால், பொலிஸ் கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவரையோ பள்ளி நிர்வாகத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு, நீங்களாகவே போய் ஒப்படையுங்கள். தானாக ஒப்படைப்பவனும் பிடிபடுபவனும் ஒன்றல்ல. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள், நான் வருகிறேன்.

குழும அட்மின்மாரே, அந்த வீடியோக்களை அழியுங்கள். பெரியவர்களே, "தைரியசாலி" என்று கொமண்ட் போடும் முன், தோளில் பாம்போடு நிற்பது உங்கள் பேரன் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

பள்ளி நிர்வாகத்துக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பையன்கள் கெட்டவர்கள் அல்ல. சாதாரண தரம் முடித்துவிட்டு வேலையில்லாமல் சந்தியில் நிற்கும் பிள்ளைக்கு யாரோ இலட்சக் கணக்கு காட்டினால் மனம் போகத்தான் செய்யும். ஆடு, கோழி, தேனீ, வண்ண மீன் என்று சட்டப்படி செய்யக்கூடிய தொழில் எத்தனையோ இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நான்கு ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுக்க எங்கள் ஊரில் காசில்லாமல் இல்லை. அதற்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். அது நடக்காவிட்டால் நாளைக்கு வேறு ஒரு வீடியோ வரும், அதற்கும் எங்கள் பிள்ளைகள்தான் போய் நிற்பார்கள்.

வாசித்தவர்கள் லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள்.