கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை: பிரிட்டனும் ஒற்றைச் சந்தையும்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனின் கதையில் வில்லன் யார்? போரிஸ் ஜான்சன் என்பார்கள் சிலர், பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் என்பார்கள் சிலர். உண்மையான வில்லன் ஒரு வார்த்தை. 'நுழைவு' என்ற வார்த்தை. 'ஒன்றியத்தை விட்டு வந்தாலும் ஒற்றைச் சந்தைக்குள் நமக்கு நுழைவு இருக்கும், கவலைப்படாதீர்கள்' என்று 2016-ல் மேடைக்கு மேடை முழங்கினார்களே, அந்த நுழைவு.

கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நுழைவு உலகத்தில் யாருக்குத்தான் இல்லை? சீனாவுக்கு இருக்கிறது. அமெரிக்காவுக்கு இருக்கிறது. திருப்பூர் பனியன்கள் பல்லாண்டுகளாகச் சுங்கவரி கட்டிக்கொண்டே ஐரோப்பியக் கடைகளுக்குப் போயிருக்கின்றன. வாசலில் எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை காகிதம் காட்ட வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைப் பற்றி மேடையில் யாரும் வாய் திறக்கவில்லை.

சந்தைக்குள்ளேயே சொந்தக் கடை வைத்திருப்பவரும், வாசலில் சுங்கம் கட்டிவிட்டுக் கூடையோடு உள்ளே வருபவரும் ஒன்றா? இருவருக்கும் 'நுழைவு' இருக்கிறது என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் அதைவிடப் பெரிய ஏமாற்று வேறில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சந்தையைக் கட்டியதில் பிரிட்டனுக்குத்தான் பெரிய பங்கு. சுங்கவரியை நீக்கினால் மட்டும் வணிகம் நடக்காது, நாட்டுக்கு நாடு மாறும் தரவிதிகளும் உரிமங்களும்தான் உண்மையான சுவர் என்று 1985-ல் பட்டியல் போட்டுக் கொடுத்தவர் காக்ஃபீல்ட் பிரபு. அவரைப் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பி வைத்தவர் மார்கரெட் தாட்சர். பொருள், சேவை, மூலதனம், மனிதர் ஆகிய நான்கும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1-ல் பிறந்தது. அதன் பெருமையைத் தாட்சர் 1988-ல் தன் நாட்டு வணிகர்களுக்கு எடுத்துச் சொன்ன இடம் லண்டனின் லங்காஸ்டர் மாளிகை. 2017 ஜனவரி 17-ல் தெரசா மே, 'ஒற்றைச் சந்தையை விட்டு வெளியேறுகிறோம்' என்று அறிவித்ததும் அதே லங்காஸ்டர் மாளிகையில்தான். அதே கட்சி, அதே கட்டடம்!

சரி, மக்கள் தீர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை மதிக்க வேண்டாமா? கட்டாயம் மதிக்க வேண்டும். ஆனால் மக்களிடம் என்ன கேட்டார்கள்? 2016 ஜூன் 23 வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா? ஒற்றைச் சந்தை பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. வெளியேறச் சொன்னவர்கள் 51.9 சதவீதம், சுமார் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்கச் சொன்னவர்கள் சுமார் 1 கோடியே 61 லட்சம் பேர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியேறச் சொன்னவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் மட்டும் 'ஒன்றியம் வேண்டாம், சந்தை இருக்கட்டும்' என்று நினைத்திருந்தால் போதும். அந்த நான்கு பேரை மறுபக்கம் சேர்த்தால், சந்தையை விட்டு வெளியேறப் பெரும்பான்மையே இல்லை. நூற்றுக்கு நான்கு பேர்கூடவா அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்? நார்வேயையும் சுவிட்சர்லாந்தையும் காட்டித்தானே பலர் வோட்டுக் கேட்டார்கள்!

அந்த உதாரணங்களையும் பார்த்துவிடலாம். நார்வே ஒன்றியத்தில் சேருவதை 1972-லும் 1994-லும் வாக்கெடுப்பில் நிராகரித்த நாடு. ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி வழியாக ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. அதற்கு விலை உண்டு: பணம் கட்ட வேண்டும், ஐரோப்பியர்கள் தடையின்றி வந்து வேலை செய்ய விட வேண்டும், ஓட்டுரிமை இல்லாமலே விதிகளை ஏற்க வேண்டும். சுவிட்சர்லாந்து துண்டு துண்டான ஒப்பந்தங்கள் மூலம் ஒரு பகுதியைப் பெற்றது. அங்கும் மனிதர் நடமாட்டம் நிபந்தனை. துருக்கிக்குத் தொழிற்சாலைப் பொருள்களுக்கான சுங்க ஒன்றியம் உண்டு, ஒற்றைச் சந்தை கிடையாது. எந்த வாசலிலும் இலவசம் என்று எழுதியிருக்கவில்லை.

'ஜெர்மன் கார் கம்பெனிகள் நம்மை விட்டுவிடுமா? அவர்களே மெர்க்கலிடம் போய் நமக்கு நல்ல ஒப்பந்தம் வாங்கித் தருவார்கள்' என்றும் ஒரு வாதம் ஓடியது. கார் விற்கும் கம்பெனிக்கு பிரிட்டன் ஒரு வாடிக்கையாளர். ஆனால் சந்தை அதற்கு வீடு. வாடிக்கையாளருக்காக யாராவது வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டுவார்களா? கடைசிவரை அந்தக் கார் கம்பெனிகள் காப்பாற்ற வரவில்லை.

கடைசியில் கிடைத்தது என்ன? 2020 டிசம்பர் 24-ல் முடிவான வணிக ஒப்பந்தம். சுங்கவரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. வெற்றி, வெற்றி என்று கொண்டாடினார்கள். 2021 ஜனவரி 1 காலையில்தான் காக்ஃபீல்டின் பழைய பாடம் புரிந்தது. பொருள் எங்கே உருவானது என்பதற்கு ஆதாரம், சுங்க அறிக்கை, இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் சுகாதாரச் சான்றிதழ். சுத்திகரிக்காத சிப்பிகளைப் பல கடற்பகுதிகளிலிருந்து உயிரோடு அனுப்பவே வழியில்லாமல் போனது. லண்டன் வங்கிகள் ஒரே உரிமத்தை வைத்து ஐரோப்பா முழுக்கத் தொழில் செய்யும் வசதியும் போயிற்று. காகித வேலை பெரிய கம்பெனிக்கும் சின்னக் கடைக்கும் ஒரே மாதிரிதான். பெரியவர் ஆள் வைத்துச் செய்வார். பத்துப் பெட்டி அனுப்புகிற சின்னவர் என்ன செய்வார்? அனுப்புவதையே நிறுத்துவார்.

பிரிட்டனின் சொந்தப் பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே, நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்றுதான் கணக்கிட்டது. ஈடுகட்ட வந்த புது ஒப்பந்தங்களைப் பாருங்கள். ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தால் பொருளாதாரம் சுமார் 0.08 சதவீதம் வளரும் என்பது அரசின் மதிப்பீடு. 2025 ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு அரசு சொன்னது சுமார் 0.13 சதவீதம். யானை போன வாசலில் எத்தனை எறும்பை உள்ளே விட்டால் சமமாகும்?

'இறையாண்மைக்கு விலை பேசக்கூடாது' என்பவர்களின் வாதம் ஒன்று மட்டும் நேர்மையானது. ஓட்டில்லாமல் விதியை ஏற்கும் நார்வே நிலை ஏறக்குறைய ஏழு கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு அவமானம், அதைவிடக் கொஞ்சம் ஏழையாக இருப்பது மேல் என்று ஒருவர் சொன்னால் அதில் மரியாதை இருக்கிறது. ஆனால் 2016-ல் அப்படிச் சொன்னவர்கள் எத்தனை பேர்? சிவப்புப் பேருந்தில் எழுதி ஓட்டியது 'வாரம் 35 கோடி பவுண்டு' என்றுதானே! விலையே இல்லை என்று சொல்லி விற்றுவிட்டு, பிறகு பில்லை நீட்டினால் அதற்குப் பெயர் இறையாண்மையா?

மறுபக்கமும் சுத்தமல்ல. 2019 ஏப்ரல் 1-ல் சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் யோசனை நாடாளுமன்றத்தில் வெறும் 3 ஓட்டில் தோற்றது: 273-க்கு 276. ஒற்றைச் சந்தையில் நீடிக்கும் யோசனையும் அன்றே 261-க்கு 282 என்று தோற்றது. வெளியேறுவதையே எதிர்த்தவர்களில் சிலர், எப்படியும் இன்னொரு வாக்கெடுப்பு வரும் என்று நம்பி இவற்றை ஆதரிக்கவில்லை. முழுச் சாப்பாடு வேண்டுமென்று கையிலிருந்த பாதியைத் தட்டிவிட்டார்கள்.

இதில் அதிகம் அடிபட்டது வட அயர்லாந்து. அங்கே 55.8 சதவீதம் பேர் இருக்கவே வாக்களித்தார்கள். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் அயர்லாந்துத் தீவின் நடுவில் சோதனைச்சாவடி வைக்க யாருக்கும் துணிவில்லை. அதனால் சாவடி கடலுக்கு நகர்ந்தது. வட அயர்லாந்து மட்டும் பொருள்களுக்கான ஒற்றைச் சந்தை விதிகளிலேயே நீடிக்கிறது. 2023-ல் வின்ட்சர் ஒப்பந்தம் வந்து கெடுபிடி தளர்ந்ததே தவிர, ஒரே நாட்டுக்குள் சரக்குச் சோதனை என்ற விநோதம் போகவில்லை.

2025 மே 19-ல் ஸ்டார்மர் அரசு ஒன்றியத்தோடு புதிய இணக்கம் பேசியது. ஒற்றைச் சந்தை வேண்டாம், சுங்க ஒன்றியம் வேண்டாம், தடையற்ற நடமாட்டம் வேண்டாம் என்று மூன்று கோடு போட்டுக்கொண்டு, உணவுப் பொருள்களுக்கு மட்டும் சோதனையில்லாத வழி கேட்டார்கள். பதிலுக்கு அந்தத் துறையில் ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற ஒப்புக்கொண்டது. ஓட்டு? கிடையாது. எந்த நார்வே நிலை அவமானம் என்றார்களோ, அதையே ஒரு துறைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி வைத்தார்கள்.

ஒன்றியங்களை விட்டுப் பிரிவது பாவமல்ல. பிரிய ஒரு நாட்டுக்கு முழு உரிமை உண்டு. மீசைதான் முக்கியம் என்றால் கூழை விட்டுவிடலாம். கூழ்தான் வேண்டும் என்றால் மீசையில் ஒட்டத்தான் செய்யும். இரண்டும் சேதமில்லாமல் கிடைக்கும் என்று நாளைக்கு ஸ்காட்லாந்திலோ வேறெங்கோ ஒருவர் மேடையேறினால், அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாசலில் கொடுக்கப்போகும் விலை என்ன, அதை யார் கட்டப்போகிறார்கள்? அதற்குப் பதில் வரும்வரை வோட்டு, பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.