அளவும் ஆளும்

1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் பரவிய பின்கருகல் நோய் பெரும் பஞ்சத்திற்கு வித்திட்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரியால் விளையும் அதே நோய், மழையும் மூடுபனியும் நீடிக்கும் நாள்களில் நீலகிரிச் சரிவுகளிலும் செடிகளைக் கருகச் செய்கிறது. பூஞ்சைக்கொல்லியே வேண்டா என்று முடித்துவிடுவது எளிது. விளைச்சலை இழந்து நிற்கும் உழவரிடம் அதனைச் சொல்வது அரிது. ஆயினும், அம்மருந்தின் இடர் யாரை முன்னிறுத்தி அளக்கப்படுகிறது என்று கேட்காமல் இருப்பது அறமாகாது.

உருளைக்கிழங்கு, தக்காளி, திராட்சை முதலிய பயிர்களுக்குத் தெளிக்கப்படும் மான்கோசெப் இதற்குத் தக்க சான்றாகும். 1960களில் புழக்கத்திற்கு வந்த இம்மருந்து, இலையின் மேல் படிந்து பூஞ்சையின் வித்துகள் முளைப்பதைத் தடுக்கிறது. உண்டவுடன் கொல்லும் நச்சுத்தன்மை இதற்குக் குறைவு. ஆதலின் தீங்கற்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், இது சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தயோயூரியா, தைராய்டு சுரப்பியின் செயலைக் குலைப்பதை விலங்காய்வுகள் காட்டின. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்புநீர் இன்றியமையாதது என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஒரு மருந்தின் இடரை அளப்போர், ஆய்வு விலங்குகளுக்குத் தீங்கு தராத உச்ச அளவை முதலில் கண்டறிவர். விலங்குக்கும் மனிதர்க்குமுள்ள வேறுபாட்டைக் கருதிப் பத்தாலும், மனிதர்க்குள்ளேயே உள்ள வேறுபாட்டைக் கருதி மீண்டும் பத்தாலும் அதனை வகுத்து, நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை வரையறுப்பர். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழியின் அறிவியல் வடிவம் இது எனலாம்.

இம்முறை சிறந்ததே, எனினும் களத்தையும் அடுக்களையையும் காணாவிடில் அது குறைபடும். காயைக் கழுவினால் மேற்பரப்பிலுள்ள எச்சத்தின் ஒரு பகுதி நீங்கும். எஞ்சியது, வேகவைக்கும்போது எத்திலீன் தயோயூரியாவாக மாறக்கூடும். பச்சைக் காயை மட்டும் ஆய்ந்தால், தட்டில் இருப்பது தெரியாது. அதனினும் பெரிய குறை, தெளிப்பவரை மறப்பது. உண்பவர் எச்சத்தை உண்கிறார்; தெளிப்பவரோ கரைசலிலேயே நனைகிறார். கையுறையும் முகக்கவசமும் அணிக என்று மருந்துப் பொதி அறிவுறுத்துகிறது. அவற்றை வாங்க இயலாத கூலித் தொழிலாளியின் உடலுக்கு அவ்வறிவுரை கவசமாகாது.

இனப்பெருக்கத்திற்கு ஊறு விளைவிக்கும் தன்மை, நாளமில்லாச் சுரப்பிகளைக் குலைக்கும் தன்மை ஆகியவற்றைச் சுட்டி, ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மான்கோசெப்புக்கான ஒப்புதலைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம், 27 பூச்சிக்கொல்லி மருந்துகளைத் தடைசெய்ய இந்திய அரசு வெளியிட்ட வரைவாணையிலும் அது இடம்பெற்றிருந்தது. எனினும் முழுத்தடை வரவில்லை.

தடையை மறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. மான்கோசெப் பூஞ்சையைப் பல முனைகளில் தாக்குவதால், பூஞ்சை அதற்கு எளிதில் எதிர்ப்புத்திறன் பெறுவதில்லை. அதனை நீக்கினால் விலைமிகுந்த வேறு மருந்துகளை உழவர் நாட நேரிடலாம். ஆயினும், மாற்று அரிது என்பது மருந்தின் தேவைக்குச் சான்றாகுமேயன்றி, அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

ஆகவே, மருந்து உண்மையில் எவ்வாறு தெளிக்கப்படுகிறதோ அந்நிலையிலேயே அதன் இடர் அளக்கப்பட வேண்டும். சமைத்த உணவிலும் எச்சம் ஆராயப்பட வேண்டும். முடிவுகள் மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். நோய் தாங்கும் விதைகளும், நோய் வரும்முன் எச்சரிக்கும் வானிலை அறிவிப்பும் உழவரை அடைந்தால் தெளிப்பின் தேவையே குறையும். கருவுற்ற நிலையிலும் வயலில் நிற்கும் ஒரு பெண்ணுக்குத் தீங்கில்லை என்று சொல்ல முடிந்தால்தான், அம்மருந்து பாதுகாப்பானது என்று சொல்லும் உரிமை அறிவியலுக்கு உண்டு.