காரணம் எதுவோ, அதுவே மருந்து

அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உள்ள பொருளாதார ஏற்றத்தாழ்வை யாரும் மறுப்பதில்லை. அந்நாட்டு மத்திய வங்கியின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்துக்கு 2,85,000 டாலர் சொத்து உண்டு. கறுப்பர் குடும்பத்துக்குச் சுமார் 45,000 டாலர்தான். சர்ச்சையெல்லாம் இதற்குக் கூறப்படும் காரணத்தைப் பற்றியதே.

பாரபட்சமா, கல்வி வாய்ப்பின்மையா, பிறவித் திறமைக் குறைவா, ஊக்கமின்மையா என்று 1977 தொடங்கிப் பலமுறை அமெரிக்க மக்களிடம் கேட்டறிந்திருக்கிறார்கள். பாரபட்சமே காரணம் என்போர் அரசாங்க உதவியை ஆதரிக்கின்றனர். ஊக்கமின்மை என்போர் பெரும்பாலும் எதிர்க்கின்றனர்.

அரசியல்வாதிகள் இதை அறியாதவர்களல்ல. நகரக் கலவரங்களுக்கு வெள்ளையரின் இனவெறியே முக்கிய காரணம் என்று 1968-ல் கெர்னர் கமிஷன் கூறியது. வேலையும் வீடும் தரும்படி சிபாரிசு செய்தது. ஜனாதிபதி ஜான்சன் அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1976 தேர்தல் பிரசாரத்தில் ரீகன், உதவித்தொகையில் மோசடி செய்த சிகாகோ பெண் ஒருத்தியின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். ஒருத்தியின் குற்றம் ஏழைத் தாய்மார்கள் அனைவரின் குணமாகிவிட்டது. 1935 முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இருந்துவந்த உதவி உத்தரவாதத்தை, 1996-ல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒழித்தது. அதனால் உதவி இழந்தவர்களில் வெள்ளையர்களும் ஏராளம் என்பதுதான் வேதனை.

முயற்சி வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஆனால் சரித்திரம் என்ன சொல்கிறது? 1935-ன் ஓய்வூதியச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் ஒதுக்கிவைத்தது. அன்று பெரும்பாலான கறுப்பர்கள் செய்தவை இவ்வேலைகளே. வீட்டுக் கடனுக்கு ஜாமீன் நின்ற அரசாங்கம், கறுப்பர் வசித்த பகுதிகளுக்கு அதை மறுத்தது. அந்தக் கடனால் வீடு வாங்கிய வெள்ளையரின் பிள்ளைகள் இன்று அதன் மதிப்பை அனுபவிக்கிறார்கள். அதை யாரும் இலவசம் என்று ஏசுவதில்லை!

சோம்பல்தான் காரணம் என்றால் உபதேசம் செய்து முடித்துவிடலாம். அநீதிதான் காரணம் என்றால் கஜானாவைத் திறக்க வேண்டும். செலவில்லாத காரணத்துக்கு மவுசு அதிகம் இருப்பதில் வியப்பில்லை. வரிப்பணத்தை யாருக்குப் பகிர்வது என்று வாக்களிக்குமுன், மேடையில் கேட்ட கதையை விட்டு, சட்டப் புத்தகத்திலுள்ள சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதே அமெரிக்கர்களுக்கு அழகு.